எச்.ஐ.வி. சிகிச்சையும் வெளிநாட்டு மருத்துவத் தொண்டரும்: தென்னாபிரிக்க, மலாவி அனுபவங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொற்றுநோய்களின் வரலாறு பெரும்பாலும் நோய்க்கிருமிகளைக் கண்டறிந்தோரின் வரலாறாகவும், மருந்துகளை ஆக்கியோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட மருந்தைத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்து நோயாளியின் கையிற் சேர்ப்பவர் யார், அவர் எவ்வாறு பயிற்றப்பட்டார், அவருக்கு ஊதியம் வழங்குபவர் யார் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே எழுகின்றன. ஆயினும் ஒரு மருந்தின் சமூகப் பயன் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளிலேயே தங்கியுள்ளது. எச்.ஐ.வி. நோயின் கடந்த நாற்பதாண்டு கால வரலாறு இவ்வுண்மையை ஐயந்திரிபற உணர்த்துகின்றது.

இந்நோய்க்கான சிகிச்சை வாழ்நாள் முழுவதற்குமானது. ஒரு நாளேனும் இடையறாது மருந்து உண்ணப்படல் வேண்டும். ஆனால் அச்சிகிச்சையை வறிய நாடுகளில் நிலைநாட்டும் பொருட்டுச் சென்ற வெளிநாட்டு மருத்துவர்களும் தாதியரும் ஓராண்டு, ஈராண்டு என வரையறுக்கப்பட்ட காலத்துக்கே சென்றனர். நோயாளியின் தேவைக்கும் தொண்டரின் சேவைக் காலத்துக்குமிடையே காணப்படும் இம்முரண்பாடு எவ்வாறு கையாளப்பட்டது என்பதைத் தென்னாபிரிக்கா, மலாவி ஆகிய இரு நாடுகளின் அனுபவங்களைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொண்டர் எனப்படுவோர்

‘தொண்டர்’ என்னும் சொல் இங்கு சிறிது விளக்கம் வேண்டி நிற்கின்றது. ஊதியமேதும் பெறாது பணிபுரிவோரையே நாம் பொதுவாக இச்சொல்லாற் குறிக்கின்றோம். ஆனால் நாம் நோக்கும் துறையில் இச்சொல் விரிந்த பொருளில் வழங்குகின்றது. 1971இல் பிரான்சில் தொடங்கப்பட்ட எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பணியாளர் ஒரு சிறு கொடுப்பனவைப் பெறுவர். பிரித்தானியாவில் 1958இல் தோன்றிய வெளிநாட்டுத் தொண்டுச் சேவை என்னும் நிறுவனம் அனுப்பும் மருத்துவர், தாம் சென்றடையும் நாட்டின் ஊதிய மட்டத்தை ஒட்டிய கொடுப்பனவையே பெறுவர். தம் நாட்டில் ஈட்டக்கூடிய வருவாயையும் பதவி உயர்வையும் ஒரு காலத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டுச் செல்வதாலேயே இவர்கள் தொண்டர் எனப்படுகின்றனர்.

இத்தகையோரை அவர்கள் ஆற்றிய பணியின் அடிப்படையில் மூவகைப்படுத்தலாம். இல்லாத மருத்துவரின் இடத்தை நிரப்பச் சென்றோர் முதலாவது வகையினர். இயலாது எனக் கருதப்பட்ட ஒரு சிகிச்சை இயலும் என நிறுவிக் காட்டச் சென்றோர் இரண்டாவது வகையினர். உள்நாட்டினரைப் பயிற்றச் சென்றோர் மூன்றாவது வகையினர். நடைமுறையில் ஒருவரே மூன்று பணிகளையும் ஆற்றியதுமுண்டு. எனினும் வரலாற்று மதிப்பீட்டுக்கு இப்பாகுபாடு உதவும்.

மருந்து இருந்தும் எட்டாத காலம்

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் இளைஞர் ஐவரிடம் காணப்பட்ட அரியதொரு நுரையீரல் நோய் பற்றி ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட அறிக்கையுடனேயே எயிட்ஸ் நோயின் எழுதப்பட்ட வரலாறு தொடங்குகின்றது. 1983இல் பரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பரே-சினூசி, லூக் மொன்ரனியே ஆகியோரின் குழு இந்நோய்க்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தது. 1987இல் முதலாவது மருந்தாகிய சிடோவுடின் அங்கீகாரம் பெற்றது. ஆனால் தனி மருந்துக்கு வைரஸ் விரைவிலேயே பழகிக்கொண்டது. மூன்று மருந்துகளைச் சேர்த்து வழங்கும் கூட்டுச் சிகிச்சையின் வெற்றி 1996இல் வன்கூவரில் நடைபெற்ற சர்வதேச மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. செல்வந்த நாடுகளில் மரணப் படுக்கையிற் கிடந்தோர் எழுந்து வேலைக்குச் செல்லத் தொடங்கினர்.

ஆனால் இச்சிகிச்சைக்கு ஒருவருக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேற் செலவாயிற்று. நோயாளரிற் பெரும்பான்மையினர் வாழ்ந்ததோ சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில். தென்னாபிரிக்காவின் அரச சிகிச்சை நிலையங்களுக்கு வந்த கர்ப்பிணிகளிடையே 2000ஆம் ஆண்டில் மேற்கொள்ளப்பட்ட கணிப்பில் 24.5 வீதத்தினரிடம் இத்தொற்றுக் காணப்பட்டது.

விலை மாத்திரமே தடையாக இருக்கவில்லை. ஆபிரிக்க மக்கள் இச்சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றமாட்டார்கள், அதனால் மருந்துகளுக்குப் பழகிய வைரஸ் பரவும் என்ற கருத்துச் செல்வாக்குள்ளோரிடையே நிலவியது. ஐக்கிய அமெரிக்க சர்வதேச அபிவிருத்தி முகவரகத்தின் தலைவராயிருந்த அன்ட்ரூ நற்சியோஸ், ஆபிரிக்கர் பலர் கடிகாரத்தையே அறியாதவராதலின் குறித்த வேளைகளில் மருந்துண்ண அவர்களால் இயலாது என்னும் பொருள்பட 2001இற் கூறியமை இம்மனப்பாங்கின் உச்சமெனலாம். ஒரு கண்டத்து மக்களின் உயிர் பற்றிய முடிவு, அவர்களைப் பற்றிய ஓர் எடுகோளின் மீது கட்டப்பட்டிருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. இவ்வெடுகோளைச் சொல்லால் அன்றிச் செயலால் மறுக்கவேண்டிய தேவையே நாம் மேலே குறித்த இரண்டாவது வகைத் தொண்டர்களை வேண்டி நின்றது.

கயெலிட்சா: நிறுவிக் காட்டும் பணி

கேப் டவுன் நகரின் புறத்தே, நிறவெறி ஆட்சிக் காலத்தில் 1980களிற் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பே கயெலிட்சா. தகரக் குடிசைகள் செறிந்த அப்பகுதியில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 1999இல் தன் பணியைத் தொடங்கியது. பெல்ஜிய நாட்டு மருத்துவரான எரிக் கூமாரே அதற்குத் தலைமை தாங்கினார். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றுவதைத் தடுக்கும் திட்டமொன்றை மேற்கு கேப் மாகாண நிருவாகம் அதே ஆண்டின் தொடக்கத்தில் அங்கு ஆரம்பித்திருந்தது. நாட்டின் சனாதிபதியாயிருந்த தாபோ இம்பெக்கி எச்.ஐ.வி.யே எயிட்சுக்குக் காரணம் என்பதையே ஐயுற்ற காலம் அது. ஆதலின் மத்திய அரசின் விருப்பத்துக்கு மாறாகவே இவ்விரு முயற்சிகளும் நடைபெற்றன.

2000ஆம் ஆண்டில் அரச ஆரம்ப சுகாதார நிலையங்களினுள்ளேயே எச்.ஐ.வி.க்கான மூன்று சிகிச்சைப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2001 மே மாதத்தில் மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை தொடங்கியது. அதற்குச் சில மாதங்களின் முன், 2001 பெப்ரவரியில், இந்தியாவின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுப் ஹமீட் இம்மருந்துக் கூட்டினை ஒரு நோயாளிக்கு ஆண்டொன்றுக்கு 350 டொலர் விலையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வழங்க முன்வந்தமை குறிப்பிடத்தக்கது. 2001 ஏப்ரிலில், தென்னாபிரிக்க அரசின் மருந்துச் சட்டத்துக்கு எதிராக 39 மருந்து உற்பத்தி நிறுவனங்கள் தொடுத்திருந்த வழக்கினைக் கைவிட்டன. தொண்டரின் பணிக்கு இவ்வாறு மருந்து விலையின் வீழ்ச்சியும் சட்டப் போராட்டமும் துணைநின்றன. மருத்துவர் மட்டும் சென்றிருந்தால் அவர்கள் மரணத்துக்குச் சாட்சிகளாகவே இருந்திருப்பர்.

கயெலிட்சாவிலே சிகிச்சைபெற்ற முதல் 287 வயதுவந்தோரின் நிலை பற்றிய ஆய்வு 2004இல் வெளியாயிற்று. நோய் மிக முற்றிய நிலையிலே சேர்க்கப்பட்ட இவர்களுள் ஈராண்டுகளின் பின்னர் 86 வீதத்தினர் உயிர்வாழ்ந்தனர். பின்னர் 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, போதிய ஒழுங்குடன் மருந்துண்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் 77 வீதமாகவும் வட அமெரிக்காவில் 55 வீதமாகவும் காணப்பட்டனர். கடிகாரம் பற்றிய வாதம் இதனுடன் தன் வலுவை முற்றாக இழந்தது.

இவ்வெற்றிக்கான காரணத்தை மருத்துவரின் திறமையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. சக்கி அக்மற் முதலானோர் 1998 டிசம்பரில் தொடங்கிய சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கம் கயெலிட்சாவின் தெருக்களில் வேரூன்றியிருந்தது. நோயாளரே தம் மருந்துகளின் பெயரையும், அவை உடலிற் செயற்படும் முறையையும் கற்று ஏனையோருக்குக் கற்பித்தனர். ‘சிகிச்சை எழுத்தறிவு’ என்று அவர்கள் இதனைக் குறித்தனர். தொடக்கத்தில் சிகிச்சைக்குரியோரைத் தெரிவுசெய்த குழுவிலே மருத்துவருடன் நோயாளரின் பிரதிநிதிகளும் சமூகத்தினரும் இடம்பெற்றனர். குறைந்த மருந்தைக் கொண்டு யாரைக் காப்பது என்ற கொடிய வினாவை வெளிநாட்டவர் தனியே தீர்மானிக்கவில்லை. 2002 டிசம்பரில் நெல்சன் மண்டேலா அங்கு வருகை தந்து, தொற்றுள்ளோர் அணியும் மேற்சட்டையைத் தாமும் அணிந்து நின்றமை, நோய் பற்றிய நாணத்தைத் தகர்ப்பதிற் பெரும்பங்கு வகித்தது.

லுசிகிசிகி: தாதியரின் கைகளில்

கயெலிட்சா ஒரு நகர்ப்புறக் குடியிருப்பு. மருத்துவர் வந்துபோகக்கூடிய தூரத்திலே அது இருந்தது. நாட்டுப்புறத்துக்கு அம்முறை பொருந்துமா என்பது அடுத்த வினாவாயிற்று. 2003இல் அவ்வமைப்புக் கிழக்கு கேப் மாகாணத்திலுள்ள லுசிகிசிகிக்குச் சென்றது. ஏறத்தாழ 150,000 மக்களுக்கு ஒரு வைத்தியசாலையும் 12 கிராமிய சிகிச்சை நிலையங்களுமே அங்கிருந்தன. சிகிச்சை நிலையங்களில் மருத்துவர் எவரும் இலர்.

இங்கு தலைமை தாங்கிய ஹேர்மன் ரொய்ற்றர் தென்னாபிரிக்க மருத்துவரே. அவர் தலைமையிலான குழு மருத்துவரை வரவழைப்பதற்குப் பதிலாக, மருத்துவர் செய்த பணியைத் தாதியரிடம் ஒப்படைத்தது. எளிமையாக்கப்பட்ட வழிகாட்டலைக் கொண்டு தாதியர் நோயை மதிப்பிட்டு மருந்தைத் தொடங்கினர்; அவ்வூரவரான ஆலோசகர் நோயாளருக்கு விளக்கமளித்தனர்; நடமாடும் குழுவொன்று ஒழுங்காகச் சென்று மேற்பார்வை செய்தது. 2006 ஒக்டோபரில் இத்திட்டம் அரசிடம் கையளிக்கப்பட்டபோது ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தனர்.

அங்கு பெறப்பட்ட பெறுபேறுகள் பலரும் எதிர்பாராதவை. ஓராண்டின் பின்னர், மருத்துவர் இருந்த வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ 19 வீதத்தினர் தொடர்பறுந்து போயினர். தாதியர் நடாத்திய கிராமிய நிலையங்களிலோ இது 2 வீதமளவே. வைரசின் அளவு கண்டறிய முடியாதவாறு குறைந்தோர் வைத்தியசாலையில் 78 வீதமும் கிராமிய நிலையங்களில் 90 வீதமுமாவர். வைத்தியசாலைக்கு வந்தோர் கூடுதலாக நோயுற்றோராயிருந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வீட்டுக்கு அருகிலுள்ள தாதி, தொலைவிலுள்ள மருத்துவரைவிட வாழ்நாட் சிகிச்சைக்கு உகந்தவர் என்னும் முடிவைப் புறக்கணிக்க இயலாது.

இம்முறையின் தேசிய அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. தென்னாபிரிக்க அரசு 2004இல் பொதுத்துறையிற் சிகிச்சையைத் தொடங்கியதாயினும், தாதியரே சிகிச்சையைத் தொடங்குதல் 2010இலேயே நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. 2000 முதல் 2005 வரையிலான தாமதத்தால் மூன்றிலட்சத்து முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் வீணே இழக்கப்பட்டன என்று ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008இல் மதிப்பிட்டனர். நல்ல முன்மாதிரி ஒன்று கண்முன்னே இருந்தும், அரசியல் உறுதி இன்றேல் அது தீவாகவே நின்றுவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மலாவி: இடம் நிரப்பும் பணி

மலாவியின் நிலைமை வேறு. அங்கு அரசு சிகிச்சையை மறுக்கவில்லை, சிகிச்சையளிக்க ஆளில்லை. 2004ஆம் ஆண்டில் அந்நாட்டில் இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ ஒரு மருத்துவரே இருந்தார். பிளன்ரயரில் மருத்துவக் கல்லூரி 1991இலேயே தொடங்கப்பட்டிருந்தது. தாதியரோ நோய்க்கு இரையாகியும், வேலைப் பளுவால் சலித்தும், பிரித்தானியா முதலிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தும் குறைந்து கொண்டிருந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டறிக்கை இந்நிலையை விரிவாக ஆராய்ந்தது. உலகின் நோய்ச் சுமையில் 24 வீதத்தைத் தாங்கும் ஆபிரிக்கப் பிராந்தியம், உலகின் சுகாதாரப் பணியாளரில் 3 வீதத்தினரையே கொண்டிருந்தது என அவ்வறிக்கை சுட்டியது.

இதற்குப் பரிகாரமாக 2004இல் மலாவி அரசு அவசர மனிதவளத் திட்டமொன்றைத் தொடங்கியது. பிரித்தானிய அரசும் ஏனைய உதவி நிறுவனங்களும் நிதி வழங்கின. பதினொரு வகைச் சுகாதாரப் பணியாளருக்கு 52 வீத ஊதிய உயர்வு வழங்குதல், பயிற்சி நிலையங்களை விரிவுபடுத்துதல் என்பவற்றுடன், உள்நாட்டினர் பயின்று வெளிவரும்வரை வெளிநாட்டு மருத்துவரையும் தாதிப் போதனாசிரியரையும் தொண்டராக அமர்த்துதலும் இதன் ஒரு கூறாயிருந்தது. வெளிநாட்டுத் தொண்டுச் சேவையும் ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பும் இவர்களை அனுப்பின. அதாவது தொண்டர் இங்கு ஓர் இடைக்கால ஏற்பாடாக வெளிப்படையாகவே கருதப்பட்டனர். அவர்கள் எப்போது நீங்குவர் என்ற வினாவுக்குரிய விடை திட்டத்தின் உள்ளேயே இருந்தது.

2009இல் இப்பதினொரு வகையினரின் தொகை 5,453இலிருந்து 8,369ஆக உயர்ந்திருந்தது. ஆயினும் ஒரு முரண்பாட்டை நாம் காணாதிருத்தல் இயலாது. மலாவியில் மருத்துவப் பணியாளரைப் பெருக்கப் பிரித்தானிய அரசு நிதி வழங்கிய அதே ஆண்டுகளிலே, மலாவியில் மக்கள் பணத்திற் பயின்ற தாதியர் பிரித்தானிய வைத்தியசாலைகளிற் பணிபுரிந்து கொண்டிருந்தனர். ஒரு கையாற் கொடுத்து மறு கையால் எடுத்தல் என்பதற்கு இதுவே உதாரணமாகும்.

மலாவியின் சிகிச்சை முறையை வகுப்பதில் நெடுங்காலம் அங்கு தங்கிப் பணியாற்றிய பிரித்தானிய மருத்துவர் அன்ரனி ஹரிசின் பங்கு விதந்துரைக்கத்தக்கது. காசநோய்த் திட்டத்தில் ஏற்கெனவே பயன்பட்ட பதிவேடு, அட்டை, காலாண்டு மேற்பார்வை ஆகிய முறைகளை எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் ஏற்றவாறு அமைக்கும் கருத்தை அவர் முன்வைத்தார். நாடு முழுவதற்கும் ஒரே முதற்கட்ட மருந்துக் கூட்டு, நாளுக்கு இருமுறை ஒரு மாத்திரை, எளிய பதிவேடு. இதனால் உதவி வைத்தியரும் தாதியரும் சிகிச்சையை நடாத்தக்கூடியதாயிற்று. நம் நாட்டில் அப்போதிக்கரிமார் ஆற்றிய பணியை ஒத்த பணியை மலாவியில் இவ்வுதவி வைத்தியரே ஆற்றுகின்றனர். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த சோலோ மாவட்டத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2003 முதல் வழங்கிய சிகிச்சையும் இவ்வழியிலேயே பரவலாக்கப்பட்டது. கிராமியச் சுகாதார உதவியாளர் பரிசோதனையையும் ஆலோசனையையும் ஏற்றுக்கொண்டனர்.

இவ்வாறு வளர்ந்த தன்னம்பிக்கையின் பலனை 2011இற் கண்டோம். கர்ப்பிணிகளின் இரத்தத்தில் நோயெதிர்ப்புக் கலங்களை எண்ணிய பின்னரே வாழ்நாட் சிகிச்சை பற்றித் தீர்மானிக்கவேண்டும் என்பது அக்காலச் சர்வதேச விதி. அவ்வெண்ணிக்கைக்கான இயந்திரங்கள் மலாவியின் கிராமங்களில் இல்லை. ஆகவே தொற்றுள்ள கர்ப்பிணிகள் யாவருக்கும் எண்ணிக்கையை எதிர்பாராது வாழ்நாட் சிகிச்சை வழங்க மலாவி அரசு முடிவுசெய்தது. இத்திட்டம் தொடங்குமுன் ஒரு காலாண்டில் 1,257 கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிகிச்சையைத் தொடங்கினர். ஓராண்டின் பின் ஒரு காலாண்டில் 10,663 பேர் தொடங்கினர். 2013இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைத் தன் வழிகாட்டலில் ஏற்றுக்கொண்டது. உதவி பெறும் நாடாகவே கருதப்பட்ட ஒன்று உலகுக்கு வழிகாட்டிய நிகழ்ச்சி இது.

ஆசிரியராக வந்தோர்

மூன்றாவது வகைத் தொண்டர் இக்காலப் பகுதியிலேயே தனித்து உருப்பெற்றனர். 2003 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்க சனாதிபதி ஜோர்ஜ் புஷ் ஐந்தாண்டுகளுக்கு 15 பில்லியன் டொலர் கொண்ட எயிட்ஸ் நிவாரணத் திட்டத்தை அறிவித்தார். பணம் வந்ததும் ஆட்பற்றாக்குறை மேலுந் துலங்கிற்று. 2005இல் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம், பிட்ஷு முலன் தலைமையிலான குழுவின் அறிக்கையை வெளியிட்டு, தேர்ந்த மருத்துவப் பணியாளர் 150 பேரை முதற்கண் கொண்ட உலக சுகாதாரச் சேவையொன்றை அமைக்குமாறு பரிந்துரைத்தது. அதே ஆண்டில் ஹூஸ்டனிலுள்ள பேயிலர் மருத்துவக் கல்லூரி, மார்க் கிளைனின் முன்முயற்சியால், குழந்தைகளுக்கான எயிட்ஸ் மருத்துவ அணியொன்றை அறிவித்தது. 2006 முதல் இவ்வணியின் இளம் மருத்துவர் லெசோதோ, சுவாசிலாந்து, மலாவி முதலிய நாடுகளிற் குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்ததோடு உள்நாட்டினருக்கும் பயிற்சியளித்தனர்.

இச்சிந்தனையின் வளர்ச்சியை 2012இல் அறிவிக்கப்பட்ட உலக சுகாதாரச் சேவைக் கூட்டுத் திட்டத்திற் காணலாம். அமெரிக்க சமாதானப் படையும் வனெசா கெரி தொடங்கிய சீட் நிறுவனமும் இதில் இணைந்தன. 2013 ஜூலையில் மலாவி, தன்சானியா, உகண்டா ஆகிய நாடுகளுக்கு முதலாவது அணி சென்றது. இவர்கள் மருத்துவ, தாதியக் கல்லூரிகளில் விரிவுரையாளராகவும், வைத்தியசாலை விடுதிகளிற் போதனாசிரியராகவும் அமர்த்தப்பட்டனர். ஒருவர் நூறு நோயாளரைப் பார்ப்பதிலும், நூறு நோயாளரைப் பார்க்கக்கூடிய பத்து மாணவரை உருவாக்குதல் மேல் என்பதே இதன் அடிப்படை. ஆயினும் இத்திட்டமும் 2018இல் முடிவுற்றது. கல்லூரி ஒன்றிற் பயிற்சி மரபு வேரூன்ற ஒரு தலைமுறை வேண்டும். ஐந்தாண்டு நிதி ஒதுக்கீடு அதற்குப் போதாது.

மதிப்பீடு

மேற்கூறியவற்றை ஒருங்குவைத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, வெளிநாட்டுத் தொண்டரின் மிகப் பெரிய பங்களிப்பு அவர்கள் பார்த்த நோயாளரின் தொகையில் இல்லை. ஓரிடத்தில் இயலுமென நிறுவிக் காட்டி, அதனைப் பிறர் செய்யத்தக்க எளிய முறையாக வகுத்துக் கொடுத்தமையிலேயே அது உள்ளது. 2008 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணிப் பகிர்வு பற்றிய வழிகாட்டல்கள், இத்தகைய கள அனுபவங்களின் மீது எழுந்தவையே.

இரண்டாவதாக, தொண்டர் பணி தீங்கு விளைத்தலும் கூடும். எச்.ஐ.வி.க்கெனத் தனியே நிதி பெற்ற நிறுவனங்கள் கூடிய ஊதியம் வழங்கி அரச வைத்தியசாலைகளின் தாதியரைத் தம்பால் ஈர்த்தமை பல நாடுகளில் அவதானிக்கப்பட்டது. ஒரு நோய்க்குச் சிறந்த சிகிச்சையும், அடுத்த கட்டிடத்திலே பிரசவத்துக்கு ஒரு தாதியுமின்மையும் அருகருகே நிலவின. சில வாரங்களுக்கு மட்டும் வருவோர், மொழியறியாமலும் உள்ளூரிற் கிடைக்கும் மருந்துகளை அறியாமலும், வரவேற்போரின் நேரத்தையே செலவாக்கியதுமுண்டு. ஆகவே, ‘எத்தனை பேர் சென்றனர்’ என்பதைவிட, ‘அவர்கள் நீங்கியபின் யாது எஞ்சியது’ என்பதே வரலாற்றாசிரியன் கேட்கவேண்டிய வினாவாகும்.

மூன்றாவதாக, எஞ்சுவது நிலைபெற அரசே பொறுப்பேற்றல் வேண்டும். 2012இன் பிற்பகுதியில் கிழக்கு கேப் மாகாணத்தின் உம்தாத்தா மருந்துக் களஞ்சியம் பணியாளர் தகராற்றினால் நிலைகுலைந்தபோது, அதனை நம்பியிருந்த கிராமிய நிலையங்கள் மருந்தின்றித் தவித்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சிகிச்சைக்கான செயற்பாட்டு இயக்கமும் களஞ்சியத்துட் புகுந்து மருந்துகளைப் பொதிசெய்து அனுப்பவேண்டி நேர்ந்தது. தாதியர் பயின்றிருந்தனர், நோயாளர் ஒழுங்காக வந்தனர், ஆனால் வண்டி வரவில்லை. சிகிச்சை என்பது ஒரு சங்கிலி. அதன் மிக மெலிந்த கண்ணியே அதன் வலிமையை நிர்ணயிக்கின்றது.

இவ்வுண்மையின் முழுப் பொருளும் 2025இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 20ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. ஜூலை 1ஆந் திகதியுடன் அதன் சர்வதேச அபிவிருத்தி முகவரகமே செயலிழந்தது. உயிர்காக்கும் எச்.ஐ.வி. சிகிச்சைக்கு விதிவிலக்கு அறிவிக்கப்பட்டதாயினும், பல நாடுகளிலே பரிசோதனையாளரும் ஆலோசகரும் தாதியரும் ஒரே வாரத்தில் வேலையிழந்தனர். தென்னாபிரிக்கா தனக்கு வேண்டிய மருந்துகளிற் பெரும்பகுதியைத் தன் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வாங்கி வந்ததால், ஆயிரக்கணக்கான பணியாளரை இழந்தும் மருந்தை இழக்கவில்லை. மலாவியோ மருந்துக்கும் பணியாளருக்கும் வெளியுதவியையே பெரிதும் சார்ந்திருந்தது. இருபதாண்டுகளுக்கு முன் அரசியல் மறுப்பினாற் பின்தங்கிய நாடு, பின்னர் அப்பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டதன் பயனை இங்குப் பெற்றது. முறைகளை வகுப்பதில் முன்னின்ற நாடு, நிதியில்லாமையால் இடருற்றது.

ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் திட்டத்தின் கணிப்பின்படி, 2024இன் இறுதியில் உலகில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்ந்த 40.8 மில்லியன் மக்களுள் 31.6 மில்லியன் பேர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தனர். 2001இல் இயலாது எனப்பட்ட காரியம் இது. இதனை இயலச்செய்தோருள் வெளியிலிருந்து வந்த மருத்துவரும் உளர். அவர்களிலும் பன்மடங்கினராக, பெயர் எங்கும் பொறிக்கப்படாத கிராமத்துத் தாதியரும், உதவி வைத்தியரும், தாமே நோயாளராயிருந்து பிறருக்குக் கற்பித்தோரும் உளர். வந்தவர் இவர்களைக் கண்டு, நம்பி, பணியை இவர்களிடம் ஒப்படைத்த இடங்களிலே சிகிச்சை நின்று நிலைத்தது. அவ்வாறு செய்யாத இடங்களில், தொண்டர் விமானமேறிய நாளிலிருந்தே அது தேயத் தொடங்கிற்று. மருத்துவம் பயிலும் மாணவர் நாளை எந்நாட்டுக்குச் சென்றாலும், எந்நாட்டவரை இங்கு வரவேற்றாலும், தம் பணிக்கு உரைகல்லாகக் கொள்ளவேண்டியது இதுவேயாம்.